கெட்டியானதை எடுத்துவிடு

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். இப்போதைக்கு அதையே நலம் என்று வைத்துக்கொள்.

மின்னல் விழுந்து செல்போன் கோபுரம் போனதிலிருந்து இங்கே கைபேசி மணி பார்க்க மட்டும்தான். மதகு அலுவலகத்தில் ஒரு போன் இருக்கிறது. "உயிர் போற அவசரம்னா மட்டும் வாங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அங்கேயே வேலை பார்க்கிறார் என்பதற்காக எனக்கு ஒன்றும் சலுகை இல்லை. தபால் வண்டி செவ்வாயும் வெள்ளியும் வருகிறது, ஆகவே கடிதம். உனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். போனில் என்றால் நான் குறுக்கே குறுக்கே பேசுவேன்.

மொட்டுக்கு நாளையோடு நான்கு மாதம். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், ஆரம்பித்துவிடுகிறாள். முட்டியை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் கன்றிப்போகும் அளவுக்கு அழுகை. மூன்று மணி நேரம் ஓய்வதில்லை. நர்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். "வாயுதான்மா, ஆறு மாசத்துல தன்னால போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆறு மாதம் என்றால் இன்னும் அறுபது சாயங்காலம். இவர் வர எட்டு மணி ஆகிறது. அதுவரை வீட்டில் நானும் அந்த அழுகையும்தான்.

அக்கா, வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு என் குழந்தையைப் பார்த்தே பயம். நேற்று அவளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். காதைப் பொத்திக்கொண்டு நூறு வரை எண்ணினேன். உள்ளே போனால் அவளை உலுக்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பம்பு ஆபரேட்டர் வீட்டு அக்கா ஒரு வழி சொன்னார். "சீமைச்சாமந்திப் பூவ காய வச்சு, கொதிச்ச தண்ணியில போட்டு வடிகட்டி ரெண்டு ஸ்பூன் குடுங்க, கப்புனு அடங்கிடும்." குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குளக்கரை முழுவதும் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூத்துக் கிடக்கிறது. ஆனால் அதே மாதிரி வேறு பூவும் கலந்திருக்கும், பார்த்துப் பறிக்க வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். உனக்குத்தான் டெய்சி வகை எல்லாம் சொந்தக்காரர்கள் ஆயிற்றே. எப்படிப் பிரிப்பது என்று எழுது. சீக்கிரம் எழுது.

"உங்க அக்கா சொன்னா நீ கெணத்துல கூட குதிப்பே" என்று இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மூன்று மணி நேரம் அவர் கேட்கவில்லையே.

உன்
வாண்டு


மே 6

என் வாண்டுக்குட்டிக்கு,

உன் கடிதம் மதியம் வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் இரண்டு முறை படித்தேன்.

படிக்கட்டில் போய் உட்கார்ந்தது தப்பே இல்லை. நூறு எண்ணிவிட்டு உள்ளே போனாய் அல்லவா, அதுதான் கணக்கு. இனிமேலும் பயம் வந்தால் அப்படியே செய். நீ பயப்படுவதை நினைத்து நான் இங்கே தனியாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

உன் நேரம் பார், இந்த மாதம் எங்கள் உலர்செடிக் காப்பகத்தில் டெய்சி அலமாரியைத்தான் திறந்து வைத்திருக்கிறோம். அட்டையில் ஒட்டிய காய்ந்த செடிகள், ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றாக எடுத்து, எழுதியிருக்கும் பெயர் சரிதானா என்று பார்க்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார். "எல்லாமே ஒரே மூஞ்சியா இருக்கே, உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் தெரியுது?" என்று கேட்டார். மூஞ்சியைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, வயிற்றைப் பிளந்து பார்க்க வேண்டும் என்றேன். அன்றிலிருந்து என் பக்கம் நாற்காலியைத் திருப்புவதில்லை.

உன் கரையில் இருப்பது மூன்று வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று சீமைச்சாமந்தி. இன்னொன்றுக்கு மணமே கிடையாது, அதனால் கெடுதலும் இல்லை, பிரயோஜனமும் இல்லை. மூன்றாவது பொல்லாதது. அதன் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும், உள்ளே போனால் குமட்டும். மூன்றுக்கும் அதே வெள்ளை இதழ், அதே நூல் நூலான இலை. வாசனையை நம்பாதே. ஒன்றைப் பறித்த கையால் இன்னொன்றைத் தொட்டால் எல்லாம் ஒரே வாசனையாகிவிடும்.

ஆகவே பிளேடுதான் வழி. இதழைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் குமிழை மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டு. சிலது உள்ளே காலியாக, கூடாக இருக்கும், சிலது கெட்டியாக இருக்கும். கெட்டியானதை எடுத்துவிடு. ஒன்றுகூட விடாதே. சோம்பல்படாமல் ஒவ்வொரு பூவையும் வெட்டிப் பார்.

தபால்காரர் வந்து நிற்கிறார், மற்றதெல்லாம் அடுத்ததில். இரண்டு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று பூவைக் காயவைத்துக் கடிதத்தோடு அனுப்பு.

மொட்டின் உள்ளங்காலுக்கு என் முத்தம்.

அக்கா


மே 12

என் தங்கமான அக்காவுக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்!

மூன்று நாளாக மொட்டு சாயங்காலத்தில் தூங்குகிறாள். அடுப்படியில் பாத்திரம் கழுவினேன் அக்கா, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே. இவர் எட்டு மணிக்கு வந்து, வீடு அமைதியாக இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் "குழந்தை எங்க?" என்றார்.

நீ சொன்னபடியே செய்தேன். கூடை நிறையப் பறித்து வந்து பிளேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கெட்டியானதையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துக் காயவைத்து ஒரு பாட்டில் நிறைய வைத்திருக்கிறேன். உள்ளே கூடாக இருந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டேன். பூச்சி அரித்தது போலும். முள்ளங்கி கூடு விழுந்தால் யார் வாங்குவார்கள்? பூவுக்கும் அதே சட்டம்தான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. உன் வேலை ஒன்றும் அவ்வளவு பெரிய வித்தை இல்லை அக்கா, நாளைக்கே எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்.

கொஞ்சம் வீச்சம் இருக்கிறது. காய்ந்தால் போய்விடும் என்று பம்பு வீட்டு அக்கா சொன்னார். பறித்ததில் என் விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. மொட்டுக்கு வாயோரம் லேசாகச் சிவந்திருக்கிறது, எச்சில் வடிவதால் இருக்கும். நேற்று ஒருமுறை கக்கினாள். பால் அதிகம் குடித்துவிட்டாள்.

நீ கேட்டபடி மூன்று பூ வைத்திருக்கிறேன். சந்தேகம் எதுவும் இல்லை, உனக்குக் காட்டி மார்க் வாங்கத்தான்.

உன்
வாண்டு


மே 16

வாண்டு,

இதை அனுப்ப மாட்டேன் என்று எழுதத் தொடங்கும்போதே தெரிகிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்ல உன்னைத் தவிர யாரும் இல்லை, உன்னிடம் சொல்லவும் முடியவில்லை.

உன் மூன்று பூவையும் லென்சுக்கு அடியில் வைத்தேன். முதல் பூவின் பாதி, கெட்டி. இரண்டாவதும் கெட்டி. மூன்றாவதையும் எடுத்து வைத்தேன். மஞ்சளுக்கு நடுவே உமி மாதிரி கூர்கூராகச் செதில்கள். பொல்லாதது என்று எழுதினேனே, அதுவேதான். மூன்றும் அதுவேதான்.

கூடாக இருப்பதுதான் நல்லது. நீ குப்பையில் கொட்டியதுதான் சீமைச்சாமந்தி.

எதை எழுதினாலும் நகல் வைக்கிற அலுவலகப் புத்தி எனக்கு. உனக்கு எழுதியதற்கும் அடியில் கார்பன் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். "கெட்டியானதை எடுத்துவிடு." எங்கள் மேசையில் எடுத்துவிடு என்றால் அது அங்கே இருக்கக் கூடாது, அகற்று என்று அர்த்தம். பெயர் தப்பான அட்டையை எடுத்துவிடு, பூச்சி விழுந்ததை எடுத்துவிடு. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லும் வார்த்தை. உன் அடுப்படியில் எடுத்துவிடு என்றால் கையில் எடுத்துக்கொள், வேறென்ன? எது நல்லது, எது கெட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

போன் எதிரிலேயே இருக்கிறது. மதகு அலுவலக எண்ணில் நான்கு எண் சுழற்றினேன், வைத்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் எடுத்தால் என்ன சொல்வேன்? உங்கள் பிள்ளைக்கு நான் விஷத்தைப் பொறுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்றா? அதற்கப்புறம் அந்த வாசற்படியில் நான் கால் வைக்க முடியுமா? மொட்டு பிறந்த வாரத்தில் அவளை ஒருமுறை தூக்கியதுதான். ஒரு உள்ளங்கை கனம்கூட இல்லை. இனி அவளைத் தூக்கத் தருவாயா?

என் பயத்தில் சரிபாதி எனக்காகத்தான், வாண்டு. குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று நினைக்கிறேன், அதே மூச்சில் என்னை என்ன நினைப்பார்கள் என்றும் நினைக்கிறேன். எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு ஸ்பூன்தானே. நிறுத்தினால் சரியாகிவிடும். வேறு ஏதாவது சொல்லி நிறுத்தச் சொல்கிறேன்.


மே 16

அன்பு வாண்டுக்கு,

மொட்டு தூங்குகிறாள் என்று படித்து மனம் குளிர்ந்தது. நீ அனுப்பிய பூக்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன.

ஒரு சின்ன விஷயம். இங்கே வெயில் ஏறுகிறது, அங்கும் அப்படித்தான் இருக்கும். பூத்தண்ணீர் வெயில் காலத்தில் குழந்தைக்குச் சூடு என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அதனால் இப்போதைக்கு நிறுத்திவிடேன். பயப்பட ஒன்றும் இல்லை. வெறும் வெந்நீர் ஆறவைத்துக் கொடுத்தாலே போதுமாம். வாயோரச் சிவப்பை நர்ஸிடம் ஒருமுறை காட்டிவிடேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு. ஒரு வரியாக இருந்தாலும் போடு.

அக்கா


மே 22

அக்கா,

அவளை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வெயில், சூடு என்று எழுதியிருந்தாய். இங்கே ஒரு வாரமாக மழை. அலுவலகத்தில் யாரோ சொன்னதற்கெல்லாம் ஆடுகிறாளே என்று சிரித்துக்கொண்டேன். பூவில் தப்பு இருந்தால் நீதான் முதலில் குதித்திருப்பாய். இருந்தாலும் உன் சொல்லுக்காக ஒரு நாள் நிறுத்தினேன். அன்று சாயங்காலம் அவள் அழுத அழுகையில் வீடே இடிந்துவிடும் போலிருந்தது. அடுத்த நாள் மறுபடியும் கொடுத்தேன். கொஞ்சம் கெட்டியாகவே காய்ச்சிக் கொடுத்தேன், மூன்று ஸ்பூன்.

இப்போது அவள் அழுவதே இல்லை அக்கா. அதுதான் பயமாக இருக்கிறது. காலையிலிருந்து குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறாள். உதட்டில் கொப்பளம், நாக்கிலும் இருக்கிறது. மார்பில் வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கண் உள்ளே போயிருக்கிறது. தூக்கினால் துணி மாதிரி தொய்கிறாள்.

இவர் ஜீப் கேட்கப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம். வண்டி வரும்வரை சும்மா உட்கார முடியாமல் உனக்கு எழுதுகிறேன். வழியில் அழுதால் கொடுக்கப் பூ பாட்டிலையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏதாவது தெரிந்தால் சொல் அக்கா. உனக்குத் தெரியாதது இருக்காது.

வாண்டு


மே 26

வாண்டு,

உன் கடிதம் இன்று பத்தரைக்கு வந்தது. பத்து நிமிஷத்தில் மதகு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அறை முழுக்க ஆள் இருந்தார்கள், எல்லார் எதிரிலும் கத்தினேன். சூப்பர்வைசர் எடுத்தார். "அவங்க வெள்ளிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களேம்மா" என்றார். எந்த வார்டு, குழந்தை எப்படி இருக்கிறது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. "பூத்தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க, அது விஷப்பூ, டாக்டர்கிட்ட அந்தப் பாட்டிலக் காட்டச் சொல்லுங்க" என்றேன். மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். உன் வீட்டுக்காரருக்கு எப்படியாவது செய்தி அனுப்புவதாகச் சொன்னார். இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவுக்கே போடுகிறேன். எந்தச் செய்தி முந்துகிறதோ முந்தட்டும்.

வெயிலும் இல்லை, சூடும் இல்லை. அலுவலகத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் பொய் எழுதினேன். நீ பொறுக்கியது தப்பான பூ. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, நான் எழுதியது அப்படி. கெட்டியானதைத் தூக்கிப் போட வேண்டும். அதைத்தான் சொல்ல நினைத்தேன். எழுதியது வேறாகிவிட்டது.

இது எனக்குப் பதினாறாம் தேதியே தெரியும். அன்று உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றை அனுப்பினேன். அனுப்பாததை இதோடு வைத்திருக்கிறேன். வைக்க வேண்டாம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதையும் மறைத்தால் பிறகு நான் எதற்கு? படி. படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

டாக்டர் கேட்டால் சொல்: பாட்டிலில் எத்தனை நாள் பூ, எத்தனை ஸ்பூன், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல். மறைக்காதே என்று நான் சொல்கிறேன் பார்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கிளம்பி வருகிறேன். அதற்குள் ஒரு வார்த்தை. குழந்தை இருக்கிறாளா? அது போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம். ஒவ்வொரு முறை போன் மணி அடிக்கும்போதும் நான்தான் முதலில் ஓடிப்போய் எடுக்கிறேன்.

அக்கா


மே 30

அக்கா,

இருக்கிறாள்.

இதை உன் ஊருக்குப் போகும் ஒருவரிடம் இவர் கொடுத்து அனுப்புகிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்கும். நேற்று மதியம் முதல் பால் குடிக்கிறாள். உதடு தோல் உரிந்து ஆறுகிறது. கையில் ஊசி குத்திய இடம் நீலம் பாய்ந்திருக்கிறது, அதைத் தொட்டால் மட்டும் அழுகிறாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சிரித்தேன், நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வந்த முதல் நாள் கிருமி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாள் தேறினாள். மூன்றாம் நாள் மறுபடியும் வாந்தி. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. உனக்குப் புரியும், சொல்கிறேன். தேறியதும் அழ ஆரம்பித்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், பிளாஸ்கில் இருந்த வெந்நீரில் பூவைப் போட்டு வடிகட்டிக் கொடுத்தேன். மூன்று நாளும் சாயங்காலம் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஸ்பூன் அவள் உதட்டில் இருக்கும்போது, நீ போனில் சொன்ன செய்தி கிடைத்து இவர் படியேறி ஓடி வந்தார். "கொடுக்காத! கொடுக்காத!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். ஸ்பூனைத் தட்டிவிட்டார். நான் அவள் உதட்டைத் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன், ரத்தம் வரும்வரை துடைத்தேனாம். நர்ஸ் வந்து துணியைப் பிடுங்கினார்.

உன் கடிதம் அடுத்த நாள் வந்தது. உள்ளே இருந்ததையும் படித்தேன்.

வார்த்தை மாறிப்போனதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நானும் கேட்டிருக்கலாம். அது நம் இரண்டு பேருக்கும் நடந்த விபத்து. ஆனால் பதினாறாம் தேதி விபத்து இல்லை அக்கா. நிறுத்திவிடேன் என்று எழுதினாய். நிறுத்து என்று எழுதவில்லை. தப்பு செய்துவிட்டேன், கொடுக்காதே என்று நீ எழுதியிருந்தால், படித்த நிமிஷமே பாட்டிலைக் குளத்தில் வீசியிருப்பேன். உன்மேல் ஒரு நாள் கோபப்பட்டிருப்பேன். ஒரு நாள்தான்.

"உங்க அக்காவுக்கு எப்பத் தெரியும்?" என்று இவர் கேட்டார். நீ போன் பண்ணிய அன்றுதான் தெரியும் என்றேன். உன் கடிதத்தையும் அதற்குள் இருந்ததையும் அவர் பார்க்கவில்லை. கிழித்து ஆஸ்பத்திரித் தொட்டியில் போட்டுவிட்டேன். உன்னைக் காப்பாற்ற என்று நினைக்காதே. அவர் உன்னைத் திட்டினால் நான் உன் பக்கம் பேசிவிடுவேன் என்று பயம்.

வியாழக்கிழமையிலிருந்து உன்னுடைய பழைய கடிதங்களை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது, அம்மா போன வருஷம் எழுதியது, "பயப்பட ஒன்றும் இல்லை" என்று எத்தனை முறை எழுதியிருக்கிறாய். அதில் எதெல்லாம் நிஜமாகப் பயப்பட ஒன்றும் இல்லாததால் எழுதியது, எதெல்லாம் நீ பயந்துபோய் எழுதியது என்று இப்போது எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கிறது.

திங்கட்கிழமை வருவதாக எழுதியிருந்தாய். வராதே. டிக்கெட் எடுத்திருந்தாலும் ரத்து செய்துவிடு. உன்னை வெறுக்கவில்லை. அவளை நீ தூக்குவதைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவள் நடக்க ஆரம்பித்ததும் சொல்கிறேன், அப்போது வா. அவளுக்கு இன்னும் நான்கு நாளில்தான் ஐந்து மாதம் முடிகிறது.

எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுது. வருவதையெல்லாம் பத்திரமாக வைக்கிறேன். பிரித்துப் படிக்கும் தைரியம் வருகிற அன்று, எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்கிறேன்.

வாண்டு